சனிக்கிழமை மேசையில் ஜெயிப்பது யார்?

கேள்வி: அண்ணா, வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 28. நான்கு ஆண்டுகள் இணையத்தில் போக்கர் ஆடினேன். ஒரே நேரத்தில் நான்கு மேசைகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவேன். வரவு செலவை நாள்தோறும் குறித்து வைத்திருக்கிறேன், மொத்தத்தில் லாபம்தான். 2025 ஆகஸ்ட்டில் பண ஆட்டங்கள் நின்றுபோன பிறகு சில மாதம் சும்மா இருந்தேன். இப்போது குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் ஒன்பது பேர் உட்கார்கிறோம். நண்பரின் காரில் போய் அவருடனேயே திரும்புவேன். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம், அதாவது பிளைண்ட், 10–20. ஆளுக்கு 2,000 ரூபாயோடு உட்கார வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் விடுதிக்காரர் 50 ரூபாய் எடுத்துக்கொள்வார். டீயும் பஜ்ஜியும் அவர் செலவு. மூன்று வாரங்களில் 5,500 ரூபாய் தோற்றுவிட்டேன். பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லையை, அந்தச் சிப்பைத் தள்ளும்போது கை நடுங்குகிறது. நடுவில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்பதே பாதி நேரம் தெரிவதில்லை. போன வாரம் 100 ரூபாய் வைத்துவிட்டு மேலும் 200 வைத்தேன்; ‘செல்லாது’ என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். டிசம்பரில் மாமா மகனோடு கோவா போய் அங்கே உட்காரலாம் என்றிருக்கிறேன். இணையத்தில் ஜெயித்த எனக்கு மேசையில் மட்டும் ஏன் இப்படி? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் உதவுமா? பெயர் வெளியிட வேண்டாம். வீட்டில் சீட்டு என்றாலே ஆகாது.

பதில்: தம்பி, அன்று சத்தம் போட்டவர்கள் சொன்னது சரி. இரண்டாவது தடவை வைத்த 200 செல்லாது.

எதிரில் இருப்பவர் 100 வைத்திருக்கிறார். நீங்கள் 100 ரூபாய்க்குச் சிப்பை எடுத்து முன்னே வைக்கிறீர்கள். அந்த நொடியில் அவர், ‘இவன் கால் செய்துவிட்டான்’, அதாவது அதே தொகையை வைத்து நிற்கிறான், என்று நினைக்கிறார். நல்ல சீட்டு வைத்திருந்தால் முகம் லேசாக வாடும். வெறும் வாய்ச்சவடாலாக இருந்தால் தோள் இறங்கும். அதைப் பார்த்த பிறகு நீங்கள் மேலும் 200 வைக்கிறீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்; பழக்கம் இல்லாததால் கை இரண்டு தடவை போயிருக்கிறது. ஆனால் அவர் முகத்தைக் காசு கொடுக்காமல் படித்துவிட்டுத் தொகையை ஏற்றியது போலத்தான் ஆகும். அதனால்தான் உலகம் முழுக்க மேசைகளில் இந்த விதி இருக்கிறது: வாயால் சொல்லாவிட்டால், முதல் அசைவில் முன்னே வந்த சிப் மட்டுமே கணக்கு. தொகையை ஏற்றுவதாக ‘ரெய்ஸ், முந்நூறு’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மூன்று தடவையாக எண்ணி வைத்தாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எதிரில் 100 இருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் 500 ரூபாய்ச் சிப் ஒன்றைத் தூக்கிப் போட்டால் அது 500 ஆகாது. 100-க்குக் கால் என்றுதான் பொருள், மீதியைத் திருப்பித் தருவார்கள். உங்கள் முறை வந்தபோது வாயால் சொன்னது எதுவானாலும் உங்களைக் கட்டும். இருப்பதை எல்லாம் வைக்கிறேன் என்று பொருள்படும் ‘ஆல் இன்’ என்பதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம், கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் நான் டீலராகச் சீட்டுப் போட்டவன். நான் ஆடியது குறைவு. ஆடுகிறவர்களுக்கு ஒன்றரை முழத்தில் நின்று பார்த்தது அதிகம். இணையத்திலிருந்து வருகிற பையன்களை உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டுத்தான்; வந்ததும் இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். தங்கள் முறை வருவதற்கு முன்பே ஃபோல்ட் செய்து, அதாவது ஆட்டத்திலிருந்து விலகி, சீட்டை வீசுவார்கள். நடுவில் சேர்ந்த பணத்தைப் பற்றி, ‘பாட் எவ்வளவு?’ என்று என்னைக் கேட்பார்கள். திரை இத்தனை காலமும் அவர்களுக்கு ஒரு வேலைக்காரன் போல நின்று சீட்டை மூடி வைத்து, முறையைச் சொல்லி, பணத்தைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்காரன் லீவில் போனதும் வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் முதல் மூன்று சனிக்கிழமைகளும் இருந்திருக்கின்றன. இது திறமைக் குறைவு இல்லை. ஆனால் இதைச் சரி செய்யாமல் திறமை வெளியே வராது.

பணத்தைக் கூட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைக்கு இலை வரும்போது என்ன செய்கிறீர்கள்? ஒவ்வொரு வண்டியின் எடையையும் அது வந்தபோதே பதிகிறீர்கள்; இரவு குவியலைப் பார்த்து இன்று எத்தனை கிலோ என்று குத்துமதிப்பாக எழுதுவதில்லை. மேசையிலும் அதையே செய்யுங்கள். ஒருவர் 80 ரூபாய்க்கு ஏற்றுகிறார், இருவர் கால் செய்கிறார்கள், பிளைண்ட் இரண்டும் விலகுகின்றன: 240-உம் 30-உம் 270. ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு மேசையில் திறந்ததும், 150 வருகிறது, ஒருவர் கால்: 570. நீங்கள் ஆட்டத்தில் இல்லாதபோதும் இதை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். நடுவில் கிடக்கும் சிப்பைப் பார்த்து எண்ண முயலாதீர்கள். அது யாராலும் முடியாது.

சீட்டு வந்தால் மேசையிலேயே வைத்து, ஓரத்தை மட்டும் கட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். பார்த்ததும் மேலே ஒரு சிப்பை வையுங்கள். அந்தச் சிப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் செய்த ஒரு காரியத்தையே சொல்கிறேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சீட்டைக் கைக்கு வெளியே, வெறுமனே விட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் விலகிய சீட்டை வாரும்போது, என் கை பழக்கத்தில் இவருடையதையும் சேர்த்து வாரிவிட்டது. குவியலில் கலந்த சீட்டு செத்த சீட்டு. தன்னிடம் மூன்று எட்டு இருந்ததாக அவர் மன்றாடினார், இருந்தும் இருக்கலாம். மேற்பார்வையாளர் வந்து விதியைச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, ஆனாலும் விதிப்படி தப்பு அவர் பக்கம்தான்.

கை நடுங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜனவரியில் குன்னூரில் இரவு பதினொரு மணிக்கு யார் கைதான் நடுங்காது என்பது ஒரு பக்கம். மற்றபடி, பொய்ப் பந்தயம் கட்டுகிறவன் கை நடுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை தலைகீழ். ஏமாற்ற நினைப்பவர் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலை போல் உட்காருவார். நல்ல சீட்டு வந்து, எல்லாப் பணத்தையும் தள்ளும் நேரத்தில்தான் விரல் நுனி தானாக ஆடும். உங்கள் மேசையில் நாலு பழைய ஆட்டக்காரர்கள் இருந்தால் இதைக் கவனித்திருப்பார்கள். உங்களுக்கு நல்ல சீட்டு வந்த ஆட்டங்களில் எல்லாம் அவர்கள் விலகிப் போயிருப்பார்கள். உங்கள் குறிப்பேட்டில் இதைப் பார்த்துச் சரிபார்க்கலாம். நடுக்கத்தை நிறுத்த முடியாது. எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி செய்யப் பழகுவதுதான் வழி. முறை வந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள், தொகையை வாயால் சொல்லுங்கள், அதன் பிறகு இரண்டு கையாலும் சேர்த்துத் தள்ளுங்கள். ஃபோல்ட் செய்யும்போதும் அதே மூன்று. தள்ளிய பிறகு கையை மேசை மேலேயே சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து விடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன்.

நேரில் சீட்டுப் போட்டு ஆடும் மேசையில், நல்ல டீலர் இருந்தால் மணிக்கு 30 ஆட்டம் நடக்கும். ஆளுக்கு ஆள் மாற்றிச் சீட்டுப் போடும் உங்கள் மேசையில் 25 என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்தில் 125. மூன்று சனிக்கிழமையும் சேர்த்து 375 ஆட்டம். இணையத்தில் ஒரு மேசையில் மணிக்கு 70 ஆட்டம் என்றால், நான்கு மேசையில் 280. அப்படியானால் நீங்கள் மூன்று வாரமாக மனம் நொந்துகொண்டிருப்பது, பழைய கணக்கில் ஒரு மணி இருபது நிமிட ஆட்டம். நான்கு ஆண்டுகளில் இதுபோல் எத்தனை ஒரு மணி இருபது நிமிடங்களில் தோற்றிருப்பீர்கள்? அன்றைக்கெல்லாம் ஆலோசனைக் கடிதம் எழுதினீர்களா?

இந்த மெதுவான போக்குதான் இணையத்திலிருந்து வருகிறவரைக் கவிழ்க்கிறது. இரண்டு ஏஸ் கையில் வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. உங்கள் நான்கு திரைகளில் அது ஏறக்குறைய முக்கால் மணிக்கு ஒருமுறை வந்து போயிற்று. குன்னூர் மேசையில் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு சனிக்கிழமை முழுக்க வராமல் போனால் அது சாதாரணம். ஏதாவது ஒரு ஜோடி வருவது 17-க்கு ஒன்று. அந்த ஜோடி ஃப்ளாப்பில் மூன்றாகச் சேர்வது எட்டரைக்கு ஒன்று. ஆக ஓர் இரவில் ஏழு ஜோடி வரும். அதில் ஒன்றாவது மூன்றாகச் சேர்ந்தால் உங்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியதைவிடச் சற்று அதிகமே கிடைத்திருக்கிறது. இது தெரியாதவருக்கு ஒன்பது மணிக்குள் கை பரபரக்கும். இணையத்தில் கண்ணைத் திருப்பினால் அடுத்த மேசையில் ஏதோ ஒன்று இருக்கும். இங்கே விலகிவிட்டு, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை ஐந்து நிமிடம் பஜ்ஜி தின்ன வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்தோமே’ என்று ராணியும் ஏழும் வைத்துக்கொண்டு உள்ளே போகத் தோன்றும். உங்கள் குறிப்பேட்டில் நேரத்தையும் குறிக்கத் தொடங்குங்கள். முதல் மணியில் எத்தனை ஆட்டத்தில் உள்ளே போனீர்கள், நான்காவது மணியில் எத்தனை? இரண்டாவது எண் முதலாவதைப் போல் ஒன்றரை மடங்கு இருந்தால் உங்கள் 5,500 எங்கே போயிற்று என்பதில் பாதி தெரிந்துவிடும்.

விலகி இருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு வேலை உண்டு. என் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து, பிறகு சேரம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், ஜூன் மாத மழையில் வெளியே கால் வைக்க முடியாத இரவுகளில், நான்கு பேர் உட்கார்ந்து ‘முந்நூற்று நாலு’ என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். காசு இல்லை, தோற்ற ஜோடி மறுநாள் விறகு பிளக்க வேண்டும். ஏலம் போல் புள்ளிக்குக் கேள்வி கேட்டவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அது என்ன இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மற்ற மூவரும் தங்கள் சீட்டை அடுக்குவதில் முனைப்பாக இருக்க, அப்பா தன் சீட்டை எடுக்கவே மாட்டார். மற்றவர்கள் எடுப்பதைப் பார்ப்பார். கேள்வி ஏறும்போது யார் கண் கவிழ்ந்த சீட்டுக்குப் போய்த் திரும்புகிறது, யார் ஒரு சீட்டை இடமிருந்து வலக்கோடிக்கு மாற்றுகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் தன் சீட்டைத் தொடுவார்.

கோவாவிலும் நல்ல ஆட்டக்காரர்கள் அதையேதான் செய்தார்கள். உங்கள் முறை வரும்வரை சீட்டைத் தொடாதீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் இருப்பவர்கள் உங்களுக்குப் பிறகு ஆட வேண்டியவர்கள். அவர்களில் ஒருவர் சீட்டைப் பார்த்ததுமே வீசுவதற்குத் தயாராக விரலில் பிடித்திருப்பார், இன்னொருவர் சிப்பை அளந்துகொண்டிருப்பார். எதிராளிகளின் ஆட்டப் பழக்கத்தைக் காட்ட நான்கு ஆண்டுகளாகத் திரையில் நீங்கள் வைத்திருந்த புள்ளிவிவரப் பெட்டிகளில் இது இருந்ததே இல்லை.

ஆட்டத்தையும் மாற்ற வேண்டும். இணையத்தில் 60-க்கு ஏற்றினால் மேசை காலியாகும். குன்னூரில் ஐந்து பேர் ‘வா, பார்ப்போம்’ என்பார்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டி வந்தவர் விலகுவதற்கு வரவில்லை. இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் ஒரே ஒருவரை எதிர்த்தால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிப்பார். ஐந்து பேரை எதிர்த்தால் 49. ஆகவே நல்ல சீட்டுக்கு 60 போதாது, 120, 140 என்று கேளுங்கள். கொடுப்பார்கள். விலகாதவர்களிடம் பொய்ப் பந்தயம் கட்டுவதை அநேகமாக விட்டுவிடுங்கள். இணையத்தில் பழகிய நுட்பமான ஏமாற்று வேலைகளைப் பொழுதுபோக்குக்கு வந்தவரிடம் காட்டுவது, காது கேளாதவரிடம் சிலேடை சொல்வது போல.

இனி, நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன சமாசாரம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 50 ரூபாய்.

நீங்கள் கணக்கர். இதை எப்படி விட்டீர்கள்? 125 ஆட்டம், 50 ரூபாய்: ஓர் இரவுக்கு 6,250. ஒன்பது பேர் கொண்டுவந்த முதல் 18,000. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரு சீட்டைக்கூடத் தொடாதவர் பைக்குப் போகிறது. ஆளுக்குப் பங்கு பிரித்தால் இரவுக்குச் சுமார் 700. உங்கள் 5,500-இல் இரண்டாயிரத்துச் சொச்சம் எந்த எதிராளியும் உங்களிடம் ஜெயித்தது இல்லை; பஜ்ஜிக்குக் கொடுத்தது. 20 ரூபாய் பெரிய பிளைண்ட்டாக இருக்கும் மேசையில் ஆட்டத்துக்கு 50 எடுப்பது, நான் வேலை செய்த கப்பலில்கூட நினைத்துப் பார்க்காத விலை. கப்பலிலும் மேசைப் பணத்திலிருந்து பங்கு எடுத்தோம். ஆனால் பாட் சிறிதானால் பங்கும் சிறிது, பெரிதானால் அதற்கு ஓர் உச்சவரம்பு. உங்கள் மேசையில் யாரும் ஒன்றும் செய்யாமல் பிளைண்ட் 30 மட்டும் கிடந்தால் விடுதிக்காரர் அதற்கும் 50 கேட்பாரா? கேட்டுப் பாருங்கள். விதியை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஸ்னூக்கர் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்த ஆட்டம் என்றாலும், 1880-களில் அதன் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது நம் ஊட்டி கிளப்தான். பணம் வைத்து ஆடும் மேசைக்கு ஒரு தாளில்கூட விதி இல்லை என்றால், சண்டை வரும்போது குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் விதி.

அந்த 50 ரூபாய் சட்டத்திலும் உங்களை இழுத்துவிடும். நான் வழக்கறிஞன் இல்லை. தொழிலில் இருந்ததால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்தியது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. நேரில் உட்கார்ந்து ஆடுவதை அது தொடவில்லை. அதற்கு இங்கே இருப்பது 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். இடத்துக்குச் சொந்தக்காரர் ஆட்டத்தால் ஆதாயம் பார்த்தால், அந்த இடத்தைச் சூதாட்ட விடுதியாகக் கொள்ள அந்தச் சட்டத்தில் வழி உண்டு. திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கும் உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்றே சொன்னது. ஆனால் 1960-களில் செகந்திராபாத் கிளப் வழக்கில் ரம்மியைத் திறமை ஆட்டம் என்ற உச்ச நீதிமன்றமே, கிளப் நடத்துபவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றம் ஆகலாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இந்த வாதங்களை எல்லாம் நீதிமன்றத்தில் பேசலாம். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் காவலரிடம் பேச முடியாது. அவரோடு ஜீப்பில் ஏறத்தான் வேண்டும். கோத்தகிரி போன்ற ஊரில் மறுநாள் காலை ஏழு மணிக்குள் தொழிற்சாலை வரை செய்தி வந்துவிடும்.

அந்த மேசைக்கு இனிப் போகாதீர்கள். ஒன்பது பேரில் உங்களுக்குப் பிடித்த நான்கைந்து பேரை உங்களில் ஒருவர் வீட்டுக்கு அழையுங்கள். டீச்செலவை எல்லோரும் சமமாகப் பகிருங்கள். யாரும் பங்கு எடுக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை பணமே இல்லாமல், புளியங்கொட்டையைச் சிப்பாக வைத்து ஆடிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், தொகையைச் சொல்வது, முறைக்குக் காத்திருப்பது, பாட்டைக் கூட்டுவது, சீட்டைக் காப்பது எல்லாம் புளியங்கொட்டையிலும் அப்படியேதான். ஆளுக்கு ஒரு மணி நேரம் டீலராக இருங்கள். டீலராக இருப்பவருக்குத்தான் மேசை முழுக்கத் தெரியும்.

உங்கள் காரியத்தில் இன்னொரு சிக்கல், நண்பரின் கார். இணையத்தில் அலுத்துப்போனால் திரையை மூடிவிட்டுத் தூங்கப் போனீர்கள். இப்போது அவர் எழும்வரை நீங்கள் எழ முடியாது. அவர் தோற்றுக்கொண்டிருந்தால் எழவே மாட்டார். களைத்துப் போய், ஆடும் எண்ணமே இல்லாமல், போக வழியில்லை என்பதற்காக ஒருவர் ஆடும் கடைசி இரண்டு மணி நேரத்தில் நடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு நள்ளிரவில் குன்னூர் பெட்போர்டிலிருந்து கோத்தகிரிக்குப் பனிமூட்டத்தில் வரவேண்டும், வளைவுக்கு வளைவு காட்டெருமை நிற்கும் பாதையில். சொந்த வண்டியில் போங்கள், அல்லது கடைசி பஸ்ஸுக்கு எழுந்துவிடுங்கள். ‘ஒன்பது மணிக்குக் கிளம்புவேன்’ என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால், ஜெயித்துவிட்டு ஓடுகிறான் என்ற பேச்சும் வராது.

கோவாவுக்கு வருவோம். அங்கே நீங்கள் போவது சட்டப்படி நடக்கும் இடம். வயது 21 ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். உங்கள் 10–20 அங்கே இருக்காது. டீலர் சம்பளம், மேற்பார்வையாளர் சம்பளம், கப்பல் செலவு எல்லாம் மேசையிலிருந்து வரவேண்டும் என்பதால் மிகச் சிறிய மேசையே உங்களுக்குப் பெரியதாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் உட்காராமல், சிறிய மேசையின் பிளைண்ட் என்ன, குறைந்தபட்சம் எவ்வளவோடு உட்கார வேண்டும், பங்கு எப்படி எடுக்கிறார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை; கேட்பவரை நாங்கள் மரியாதையாகத்தான் பார்ப்போம். உட்காரக் கேட்கும் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் போல் இருபது மடங்கு, வீட்டுச் செலவுக்குச் சம்பந்தமில்லாத பணமாக உங்களிடம் இல்லை என்றால் பண மேசையில் உட்கார வேண்டாம். அதற்குப் பதில் சிறிய நுழைவுக் கட்டணம் உள்ள போட்டி ஒன்றில் சேருங்கள். போட்டியில் கட்டணத்துக்கு மேல் இழப்பு இல்லை. விதிகளைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஒரே நாளில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள். வெளியேறிய பிறகு மறுபடி கட்டி உள்ளே வரலாம் என்பார்கள். வராதீர்கள். குடிக்க எது கேட்டாலும் கொண்டுவந்து வைப்பார்கள்; இலவசம் என்று பெயர். பதினோரு ஆண்டுகளில், அந்தக் கிளாஸால் லாபம் பார்த்த ஓர் ஆட்டக்காரரை நான் பார்க்கவில்லை. போக்கர் மேசையிலிருந்து எழுந்தவர் படகுத்துறைக்குப் போகும் வழியில் உள்ளே–வெளியே மேசை இருக்கும். அங்கே உங்கள் கணக்கு, பொறுமை, என் அப்பாவின் பாடம் எதுவும் உதவாது. நடந்துகொண்டே இருங்கள். ஜெயித்த பணத்துக்கு முப்பது சதவீத வருமான வரி உண்டு, தோற்றதை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்பது கணக்கரான உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நடுவில் ஒன்று. வெளிநாட்டுத் தளங்களில் இன்னும் ஆடலாம் என்று யாராவது வழி சொன்னால் போக வேண்டாம். பணம் வராமல் போனால் கேட்க ஆளில்லை.

‘வீட்டில் சீட்டு என்றாலே ஆகாது’ என்று முடித்திருக்கிறீர்கள். ஆகாமல் போனதற்குக் காரணம் இருக்கும். இணைய ரம்மியால் நம் மாநிலத்தில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்பதைச் செய்தித்தாள் படிக்கிற எந்த அம்மாவும் மறந்திருக்க மாட்டார். அவர்களிடம் போக்கருக்கும் ரம்மிக்கும் வித்தியாசம் சொல்லி வாதாடாதீர்கள். அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். நான்கு ஆண்டு லாபத்தையும், இந்த 5,500-ஐயும். காட்ட முடியாது என்று தோன்றினால், கோவா டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ஏன் காட்ட முடியவில்லை என்று யோசியுங்கள். ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிற நிலை எப்போதாவது வந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அந்த நிலை வந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எழுதியவர் எழுதாமல் விட்டது எனக்குத் தெரியாது.

கறுப்புக் கண்ணாடி கேட்டிருந்தீர்கள். போட்டுக்கொள்ளலாம், எங்கும் தடை இருந்து நான் பார்க்கவில்லை. ஒரு மழைக்கால இரவில் என் மேசையில் ஒருவர் அப்படித்தான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பல மணி நேரம் ஒரு தசை அசையாமல் ஆடினார். கடைசியில் முன்னால் இருந்த சிப் முழுவதையும் உள்ளே தள்ளினார். எதிரில் இருந்தவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ராஜா ஜோடியோடு கால் செய்தார். இவர் சீட்டைத் திருப்பி வைத்து ‘ஃப்ளஷ்’ என்றார், அதாவது ஐந்தும் ஒரே இனம். மேசை அமைதியாக இருந்தது. நான் விளக்கடியில் சீட்டை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தேன்: நான்கு ஆட்டீன், ஒரு டைமண்ட். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் அந்த டைமண்டைக் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.